குறைந்த விலைத் தானியங்கி கேமரா: எந்த வேலைக்கு எது

தடத்தோர மரத்தில் கட்டிவிட்டு வந்தால் வாரக்கணக்கில் அங்கேயே இருந்து, எதிரே விலங்கு வரும்போது மட்டும் விழித்துப் படம் எடுக்கும் சிறு பெட்டியே தானியங்கி கேமரா. வனத் துறையினரும் ஆய்வு மாணவர்களும் பேச்சில் இதை கேமரா டிராப் என்பார்கள். உள்ளே இருப்பவை எளிய பொருள்கள்தாம்: உடல் வெப்பத்தை உணரும் சென்சார், ஒரு லென்ஸ், இரவுக்கு எல்இடி விளக்குகள், மெமரி கார்டு, பென்சில் பேட்டரிகள். ஐந்தாறாயிரம் ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கிறது. பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொன்று அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கிறது. அந்த வித்தியாசம் பெட்டிக்குள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், குறைந்த விலைக் கேமரா எந்த வேலைக்குப் போதும், எந்த வேலையில் கைவிடும் என்பது தெளிவாகும்.

இந்தக் கருவியின் முன்னோடிகள் கம்பியால் இயங்கின. தடத்தின் குறுக்கே கட்டிய கம்பியை விலங்கு இழுத்ததும் பிளாஷ் வெடித்துப் படம் பதியும்படி அமைத்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் ஷிராஸ். அவருடைய இரவுப் படங்களை நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1906இல் வெளியிட்டது. அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் இதே வழியில் புலிகளைப் படமெடுத்து 1927இல் புத்தகமாக்கினார். 1990களில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்த், உடல் வரிகளைக் கொண்டு புலிகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணும் முறையை நிலைநிறுத்தினார். நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேசியப் புலிகள் கணக்கெடுப்பு இன்று பெரும்பாலும் இந்தக் கேமராக்களையே நம்பியிருக்கிறது.

வேட்டைக்கும் கண்காணிப்புக்கும்

குறைந்த விலைக் கேமராக்கள் உலகச் சந்தையில் குவிவதற்கு முக்கியக் காரணம் அமெரிக்க மான் வேட்டை. வெண்வால் மானின் கொம்பைப் பார்த்தால் கிடாக்களைத் தனித்தனியாக அடையாளம் காணலாம். எந்தக் கிடா எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வேட்டைப் பருவத்துக்கு முன்பே அறிந்துகொள்ள அங்கே ஒரே வேட்டைக்காரர் பல கேமராக்களைக் கட்டுகிறார். இரை வைத்துக் கேமராவால் மான்களை எண்ணும் ஒரு முறையை 1997இல் ஜேக்கப்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். தனியார் நில உரிமையாளர்கள் பலர் அதன் அடிப்படையில் எத்தனை மான்களை வேட்டையாடலாம் என்று திட்டமிடுகிறார்கள்.

அங்கேயும் இதற்குக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. வேட்டைக்கு உதவியாகத் தானியங்கி கேமராவைப் பயன்படுத்துவதை அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் தடை செய்தது. நெவாடாவும் யூட்டாவும் பொது நிலங்களில் ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, அதாவது வேட்டைப் பருவத்தில், பெரும்பாலும் தடுக்கின்றன. படத்தை உடனுக்குடன் கைபேசிக்கு அனுப்பும் கேமராவின் உதவியோடு வீழ்த்திய விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை என்று பூன் அண்ட் கிராக்கெட் கிளப் முடிவு செய்திருக்கிறது. விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். வறண்ட மேற்கு மாநிலங்களில் ஒரே நீர்க்குட்டையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கேமராக்களைக் கட்டினால் மான் தண்ணீர் குடிக்க வருவதே குறையும் என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொண்டது.

இந்தியாவில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இங்கே தானியங்கி கேமரா வாங்குபவர்கள் ஆய்வு மாணவர்கள், இயற்கை ஆர்வலர்கள், தேயிலை, காப்பித் தோட்டக்காரர்கள், பன்றியும் மயிலும் முள்ளம்பன்றியும் புகும் நிலத்தின் விவசாயிகள். ஆனால் இவர்கள் இணையத்தில் தேடும்போது கண்ணில் படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. குளிர்காலம், தனியார் நிலம், யானையும் குரங்கும் இல்லாத காடு ஆகியவற்றை மனத்தில் வைத்த மதிப்பெண்கள் அவை. முதுமலையின் ஏப்ரல் வெயிலுக்கும் வால்பாறையின் ஜூலை மழைக்கும் அவை அப்படியே பொருந்தா.

சென்சார்: முதலில் பார்க்க வேண்டியது

கேமராவை விழிக்க வைப்பது வெப்ப அசைவு சென்சார். முன்னால் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் மூடி எதிர்ப்பரப்பைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது; சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தில் மாறுபட்ட ஓர் உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது சென்சார் தூண்டப்படுகிறது. வெப்ப வேறுபாடு, அசைவு ஆகிய இரண்டில் ஒன்று குறைந்தாலும் படம் இல்லை. அதனால் கேமராவை நோக்கி நேராக நடந்துவரும் விலங்கைவிடக் குறுக்கே போகும் விலங்கு எளிதில் சிக்கும். பாம்பும் உடும்பும் பெரும்பாலும் சிக்குவதில்லை, அவற்றின் உடல் வெப்பம் தரையின் வெப்பத்தோடு ஒட்டிப்போவதால். கோடையில் தரையும் பாறையும் சூடேறி விலங்கின் தோல் வெப்பத்தை எட்டும் வேளையில் ஒரு கடமான்கூடப் பதிவாகாமல் கடந்து போகலாம். சமவெளிப் புதர்க்காடுகளில் மார்ச் முதல் ஜூன் வரை பகல் படங்கள் குறைவாக இருந்தால், விலங்கே வரவில்லை என்று முடிவு கட்டுவது தவறு.

விளம்பரத்தில் வரும் எண்களில் தூண்டல் வேகம் ஒன்று. சென்சார் உணர்ந்ததற்கும் படம் பதிவதற்கும் இடையிலான நேரம் இது. அரை வினாடிக்குள் இருந்தால் தடத்தில் கட்டலாம். ஒரு வினாடியைத் தாண்டினால், வேகமாக நடக்கும் செந்நாயின் வாலும் பின்னங்காலும் மட்டுமே படத்தில் இருக்கும். மலிவான கேமராக்களின் பெட்டியில் 0.1 அல்லது 0.2 வினாடி என்று அச்சிட்டிருப்பார்கள். பகலில் அது ஓரளவு உண்மையாக இருந்தாலும் இரவில் விளக்கு எரிந்து படம் எடுக்கும்போது நேரம் கூடுகிறது. நீர்க்குட்டை, உப்பு நக்கும் இடம், பழம் உதிரும் மரத்தடி போல விலங்கு நின்று நிதானிக்கும் இடத்தில் இந்தக் குறை தெரியாது. குறைந்த விலைக் கேமராவை அங்கே கட்டுவதே புத்திசாலித்தனம்.

விளம்பரத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண் மீள்நேரம்: ஒரு படத்துக்குப் பின் அடுத்த படத்துக்குக் கேமரா தயாராகும் இடைவெளி. பன்றிக் கூட்டத்தில் முதல் பன்றி மட்டும் படத்தில் வந்து, பின்னால் வந்த குட்டிகள் எதுவும் வராமல் போவது இதனால்தான். கூட்டத்தின் அளவோ, தாயோடு குட்டி இருக்கிறதா என்பதோ தெரிய வேண்டுமானால், தூண்டல் வேகத்தைவிட மீள்நேரமே முக்கியம். ஒரு தூண்டலுக்கு மூன்று படங்கள் தொடர்ந்து எடுக்கும் வசதி இந்தக் குறையைப் பாதி ஈடு செய்யும்.

சென்சார் பார்க்கும் அகலமும் லென்ஸ் பார்க்கும் அகலமும் பொருந்தியிருக்க வேண்டும். 120 பாகை என்று பெருமையாக எழுதியிருப்பது பெரும்பாலும் சென்சாருக்குரியது. லென்ஸ் அதைவிடக் குறுகலாக இருந்தால், விலங்கு ஓரத்தில் நிற்கும்போதே கேமரா விழித்து வெற்றுப் படமாக எடுத்துத் தள்ளும். வாங்கியவர் பிழை காட்டில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

இரவு வெளிச்சம்: மூன்று வழி

காட்டு விலங்குகளில் பெரும்பாலானவை இருட்டில் நடமாடுவதால், கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக்கு மேல் விளக்கைத் தேர்ந்தெடுப்பதுதான். சந்தையில் மூன்று வகை உண்டு: வெள்ளை பிளாஷ், 850 நானோமீட்டர் அலைநீளத்தில் மங்கிய சிவப்பாகத் தெரியும் அகச்சிவப்பு விளக்கு, 940 நானோமீட்டரில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு.

850க்கு எட்டும் தூரம் அதிகம், படத்தில் துகள்புள்ளி குறைவு. விளக்கு எரியும்போது நேரே பார்த்தால் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940இல் அது தெரியாது. ஆனால் கேமராவின் பதிவுத் தகட்டுக்கு அந்த ஒளியில் உணர்திறன் குறைவு என்பதால் படம் இருண்டும் மங்கியும் வரும், தூரமும் குறையும். பெட்டியில் 25 மீட்டர் என்று போட்டிருந்தால் பயன்படும் படம் அதில் பாதித் தூரத்துக்குத்தான் என்று கணக்கிடுவது பாதுகாப்பு. திருட்டுப் பயம் உள்ள இடத்தில் 940, பயம் இல்லாத தோட்டத்திலும் நீர்நிலையிலும் 850 என்று வைத்துக்கொள்ளலாம். 940 என்றால் விலங்குக்கும் எதுவும் தெரியாது என்று விற்பனையாளர்கள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. தானியங்கி கேமராக்களின் ஒளியையும் உள்ளிருந்து எழும் மெல்லிய ஒலியையும் பல பாலூட்டிகள் உணர்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். நரியும் சிறுத்தையும் கேமராவை உற்றுப் பார்க்கும் படங்கள் அடிக்கடி கிடைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

புலியையோ சிறுத்தையையோ தனித்தனியாக அடையாளம் காண வேண்டுமானால் நிலைமை வேறு. அகச்சிவப்பு விளக்கு மங்கலானது. அதில் படம் எடுக்க ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். நடக்கும் புலியின் வரிகள் அதற்குள் இழுபட்டுக் கலங்கிவிடும். வெள்ளை பிளாஷ் நொடியின் சிறு பகுதியில் அசைவை உறைய வைத்து நிறத்தோடு பதிவு செய்கிறது. இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் வெள்ளை பிளாஷ் கொண்ட கட்டிபேக் நிறுவனக் கேமராக்கள் பரவலாகப் பயன்பட்டதன் காரணம் இதுதான். 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடிப் பகுதியில் ஆட்களைக் கொன்ற டி23 என்ற புலியைத் தேடியபோது, சிக்கிய படத்தில் இருப்பது அதே புலியா, அந்தக் காட்டில் வாழும் வேறொன்றா என்பதில் பிழை நேர்ந்தால் தொடர்பில்லாத ஒரு புலி பிடிபட்டிருக்கும். தெளிவான வரி ஏன் தேவை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். வெள்ளை பிளாஷின் குறை, விலங்கு திடுக்கிடுவது. ஒருமுறை கண்கூசிய சிறுத்தை அடுத்தமுறை அந்தத் தடத்தையே தவிர்க்கக்கூடும். திருடனுக்கும் கேமரா இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் உண்டு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நடமாடும் கருஞ்சிறுத்தையை வெள்ளை வெளிச்சத்தில் எடுத்தால் கறுப்பு உருவம் மட்டுமே மிஞ்சும். ஒன்றையும் இன்னொன்றையும் பிரித்தறிய வழியில்லை. அகச்சிவப்பில் எடுத்தால் கறுப்பு ரோமத்துக்குள் மறைந்திருக்கும் புள்ளிகள் வெளிப்படுகின்றன. சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கருநிறமாக இருக்கும் மலேசியத் தீபகற்பத்தில், கேமராவின் பகலொளி உணரியை மறைத்து அதை எப்போதும் இரவு முறையிலேயே இயங்க வைத்து, ஆய்வாளர்கள் அவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். அந்த ஆய்வு 2015இல் வெளியானது. நீலகிரியில் கருஞ்சிறுத்தையைக் கண்காணிப்பவருக்கு மலிவான அகச்சிவப்புக் கேமராதான் சரியான கருவி. விலை உயர்ந்த வெள்ளை பிளாஷ் அங்கே உதவாது.

மெகாபிக்சல்

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 24, 36, 48 மெகாபிக்சல் என்று எழுதிய குறைந்த விலைக் கேமராக்களின் பதிவுத் தகடு பெரும்பாலும் சில மெகாபிக்சல் மட்டுமே கொண்டது. மீதிப் புள்ளிகளை மென்பொருள் இடையிடையே நிரப்பிப் படத்தை ஊதிப் பெருக்குகிறது. விவரம் கூடுவதில்லை, கோப்பு பெரிதாகி கார்டு சீக்கிரம் நிறையும், மீள்நேரமும் நீளும். அமைப்பில் மிகக் குறைந்த அல்லது அதற்கு அடுத்த அளவைத் தேர்ந்தெடுத்தால் உண்மையான படம் கிடைக்கும். 4கே காணொளிக்கும் இதே பதில். காணொளி பேட்டரியை விழுங்குவதால், விலங்கின் நடத்தையைப் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து வினாடித் துண்டாக வைப்பது நல்லது.

பேட்டரியும் கார்டும்

குறைந்த விலைக் கேமரா காட்டில் தோற்பது பெரும்பாலும் பேட்டரியால். நான்கு அல்லது எட்டுப் பென்சில் பேட்டரிகள் தேவைப்படும். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் சாதாரண செல்களை இதில் போடவே கூடாது; விளக்கு எரியத் தேவையான மின்னோட்டத்தை அவற்றால் தர முடியாது. ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். பகல் படங்கள் வந்துகொண்டே இருக்க, இரவுப் படங்கள் மட்டும் இருண்டுபோவது அந்த இறக்கத்தின் அடையாளம். மறுமுறை சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரியில் 1.2 வோல்ட்தான். ஆனால் கடைசி வரை அந்த அளவு பெரிதாக இறங்குவதில்லை. வெப்பமான நாட்டுக்கு ஏற்றது, நீண்ட காலச் செலவில் மிக மலிவானது. ஒரே குறை, சில மலிவான கேமராக்கள் அந்த 1.2 வோல்ட்டைப் பேட்டரி தீர்ந்ததாக எண்ணி நின்றுவிடும். வாங்கும்போது சார்ஜ் ஏற்றும் பேட்டரியை ஏற்குமா என்று கையேட்டில் பார்ப்பதை மறக்கக் கூடாது. சார்ஜ் ஏற்ற முடியாத லித்தியம் பென்சில் பேட்டரி விலை கூடியது, நெடுநாள் உழைக்கும், உறைபனியிலும் வேலை செய்யும். இமயமலையில் பனிச்சிறுத்தையைத் தேடுபவர்களுக்கு அது தேவை. தமிழ்நாட்டுக் காடுகளில் அந்தச் செலவு வீண். பழையதும் புதியதுமாகக் கலந்து போட்டால் கசிந்து உட்பகுதியை அரித்துவிடும்.

கார்டு வாங்கும்போது 32 ஜிபி போதும். பல குறைந்த விலைக் கேமராக்கள் அதற்கு மேற்பட்ட கார்டைப் படிப்பதில்லை. போலிக் கார்டுகள் சந்தையில் நிறைந்திருப்பதால், நம்பகமான கடையில் வாங்கி, கணினியில் முழுக் கொள்ளளவும் எழுதிப் பார்த்துச் சோதித்துவிட்டு, அந்தந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும். ஒரு கேமராவுக்கு இரண்டு கார்டுகள் இருந்தால், காட்டில் மாற்றிப் போட்டுவிட்டு வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம்.

சிம் உள்ளது, சிம் இல்லாதது, சோலார் சிசிடிவி

படத்தைக் கைபேசிக்கு அனுப்பும் சிம் கேமரா கவர்ச்சியானது. வாங்கும் முன் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். இந்திய 4ஜி சேவை பெரும்பாலும் 3, 5, 8, 40, 41 எண் கொண்ட அலைவரிசைகளில் இயங்குகிறது. வட அமெரிக்கச் சந்தைக்கான கேமராக்கள் 2, 4, 12, 13 போன்றவற்றை நம்பியவை. பல மாதிரிகள் அந்நாட்டு நிறுவன சிம்மோடு பூட்டப்பட்டு, மாதச் சந்தாவையும் டாலரில் கேட்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி அனுப்பும் கேமரா இங்கே சாதாரணக் கேமராவாக மட்டுமே பயன்படும் நிலை இதனால் வரும். சந்தையில் மிஞ்சியிருக்கும் பழைய 2ஜி, 3ஜி மாதிரிகளை என்ன விலைக்குக் கிடைத்தாலும் தொடக் கூடாது. கட்டப்போகும் மரத்தடியில் நின்று கைபேசியில் சிக்னல் பார்ப்பதே முதல் சோதனை. பள்ளத்தாக்கிலும் ஓடையோரத்திலும் அது கிடைக்காவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. சிக்னல் பலவீனமாக இருந்தால் அனுப்ப முயன்றே பேட்டரி தீரும்.

சிம் கேமரா நியாயமாகத் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: அடிக்கடி போய்ப் பார்ப்பதே விலங்குக்குத் தொல்லையாகும் இடம். சிறுத்தை குட்டி போட்டிருக்கும் பாறை இடுக்குக்கு ஆள் திரும்பத் திரும்பப் போவதைவிட, ஒருமுறை கட்டிவிட்டு விலகியிருப்பது நல்லது.

இப்போது விவசாயிகள் பலர் தோட்டத்தில் 4ஜி சோலார் சிசிடிவி மாட்டுகிறார்கள். கிணற்றடி, மோட்டார் அறை, களம் ஆகியவற்றுக்கு அது சிறந்தது. நேரலையாகப் பார்க்கலாம், பேசலாம், சத்தம் எழுப்பலாம். ஆனால் அது உணரும் தூரம் குறைவு. சூரியத் தகட்டுக்கு வெயில் வேண்டும், அடர்ந்த நிழலில் இரண்டு மூன்று நாளில் அணைந்துவிடும். வெளியே துருத்திய தகடும் ஆன்டெனாவும் குரங்குக்கு விளையாட்டுப் பொருள். தோட்ட எல்லை வரை சிசிடிவி, அதற்கு அப்பால் தானியங்கி கேமரா என்று பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

யானை வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள மலிவான சிம் கேமராவை நம்புவது மட்டும் ஆபத்து. படம் வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். கோவை மதுக்கரை ரயில் பாதையில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க 2024இல் தொடங்கிய எச்சரிக்கை அமைப்பில், கோபுரங்களில் வெப்பப் படக் கேமராக்களும் படத்தைத் தானே படித்து எச்சரிக்கும் மென்பொருளும் இரவு பகலாகக் கவனிக்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள். உயிரைக் காக்கும் எச்சரிக்கைக்கு அந்த அளவு ஏற்பாடு வேண்டும்.

பணத்தைப் பிரிப்பது

பெயர் தெரியாத நிறுவனங்களின் கேமராக்கள் முதல் படி. ஒரே ஆலையில் செய்து பல பெயர்களில் விற்பவை இவற்றில் பல. ஒன்று நன்றாக உழைக்கும், அதே மாதிரியில் அடுத்தது முதல் மழையிலேயே ஈரம் கோக்கும். என்னென்ன விலங்குகள் வருகின்றன என்று மட்டும் அறிய விரும்பும் பள்ளிக்கும் தோட்டக்காரருக்கும் இவை போதும். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை பிரவுனிங், புஷ்னெல் போன்ற நிறுவனங்களின் எளிய மாதிரிகள் வருகின்றன. தூண்டல், மீள்நேரம், நீர்க்காப்பு மூன்றிலும் தெரியும் அளவுக்கு முன்னேற்றம் இந்தப் படியில்தான். அதற்கு மேலே ரிகோனிக்ஸ் போன்றவை. அமெரிக்காவிலேயே 400 டாலரைத் தாண்டும், ஐந்தாண்டு உத்தரவாதம் கொண்டவை. ஆண்டுக்கணக்கில் ஓடும் ஆய்வுக்கு அவை தகும்.

ஒரு நல்ல கேமராவா, இரண்டு நடுத்தரக் கேமராவா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு என்பதே விடை. புலியின் வரிகளும் சிறுத்தையின் புள்ளிகளும் இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் இருப்பதால் கணக்கெடுப்பில் தடத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக ஜோடியாகக் கட்டுகிறார்கள். தேசியக் கணக்கெடுப்பில் 2 சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி. மற்ற விலங்குகளுக்கும் ஒரே இடத்தில் தெளிவான படத்தைவிட இரண்டு இடங்களில் சுமாரான படம் அதிகம் சொல்லும். ஆனால் மிக மலிவான நான்கை வாங்குவது வேறு கதை. அவற்றில் ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனால், விலங்கு வரவில்லையா கேமரா வேலை செய்யவில்லையா என்று தெரியாது. இடங்களை ஒப்பிடும் ஆய்வுக்கு எல்லாக் கேமராவும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கூர்மையான சென்சாரும் இன்னோரிடத்தில் மந்தமான சென்சாரும் வைத்தால், வித்தியாசம் கேமராவுடையதா காட்டுடையதா என்று பிரிக்க முடியாது.

வாங்கியதும் வீட்டு முற்றத்தில் ஒரு வாரம் ஓட விட வேண்டும். நாயையோ ஆட்டையோ மூன்று, ஆறு, பத்து மீட்டரில் குறுக்கே நடக்க விட்டு, பகலிலும் இரவிலும் எது வரை பதிகிறது என்று குறித்துக்கொண்டால், பெட்டியில் அச்சிட்ட எண்களைவிட அந்தக் குறிப்பு பயன்படும். தேதியையும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். பேட்டரி மாற்றியதும் பழைய தேதிக்கே திரும்பிவிடும் கேமராக்கள் மலிவு வகையில் உண்டு.

கட்டும் இடம்

பெரும்பாலான விலங்குகளுக்கு முழங்கால் உயரம், அதாவது 45 செ.மீ. அளவு சரி, சருகுமான், கீரி, அழுங்கு போன்ற சிறியவற்றுக்கு இன்னும் தாழ்வாக. தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பார்க்கும்படி கட்டினால் மெதுவான கேமராவுக்கும் நேரம் கிடைக்கும். கிழக்கும் மேற்கும் பார்த்தால் காலை, மாலை வெயில் லென்ஸில் அடிக்கும். எதிரே ஆடும் புல்லும் கிளையும் வெற்றுப் படங்களைக் குவிக்கும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மரத்தை வெட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது. யானை உள்ள காட்டில் துதிக்கையால் பிடுங்கி மிதிப்பது சாதாரணம்; வனத் துறை போலத் தடித்த இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினால் ஓரளவு தப்பும். எறும்பு உள்ளே கூடு கட்டுவதைத் தடுக்க ரப்பர் விளிம்பைத் துடைத்து அழுத்தமாக மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம்.

சட்டமும் ஊராரும்

பட்டா நிலத்தில் கேமரா கட்டுவது நிலத்துக்காரரின் விருப்பம். காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் வனத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சரணாலயத்துக்குள் படம் எடுப்பதற்கும் ஆய்வுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அனுமதி முறையைச் சொல்கிறது. கேமராவின் முன் இரை வைத்து விலங்கை இழுக்கும் அமெரிக்க வழக்கத்தை இங்கே பின்பற்றவே கூடாது, ஏனென்றால் அதே சட்டம் இரை வைத்தலையும் வேட்டை என்பதன் வரையறைக்குள் சேர்க்கிறது. காட்டுப்பன்றி விஷயத்திலும் விவசாயி தானாக எதுவும் செய்ய முடியாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறையில், காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத் துறையினருடையது. விவசாயிக்குக் கேமரா தருவது சான்று: எந்த விலங்கு, எத்தனை, எந்தத் தேதியில் என்று காட்டும் படம் சேத மனுவுக்கு வலு சேர்க்கும். பன்றி என்று நினைத்தது முள்ளம்பன்றியாக இருப்பதும் அப்போதுதான் தெரியவரும். இரண்டுக்கும் வேலி வேறு.

கேமரா மனிதர்களையும் படம் எடுக்கிறது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில், காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் தானியங்கி கேமராவில் பதிந்து வாட்ஸ்அப்பில் பரவியதையும், ஊரார் கோபத்தில் கேமராக்களை உடைத்ததையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024இல் பதிவு செய்தது. விறகும் புல்லும் கிழங்கும் தேடிப் பெண்கள் போகும் தடம் எது என்று ஊராரிடம் கேட்டு, அங்கே கட்டாமல் இருப்பதுதான் முறை. எங்கே கட்டியிருக்கிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். மனிதர் இருக்கும் படத்தை யாருக்கும் காட்டாமல் உடனே அழிக்க வேண்டும். ஊரார் தங்களுடையதாக நினைக்கும் கேமரா திருடு போவதும் குறைவு.

படங்களைப் பிரிப்பது

2018–19 தேசியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த கேமராக்கள் 3,48,58,623 படங்களை எடுத்தன. புலி இருந்தவை 76,651. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு மலிவான கேமராவை வைத்திருப்பவருக்கும் விகிதம் இப்படித்தான் இருக்கும். புல் ஆடிய படமும் ஆடு மேய்ந்த படமும் ஆயிரக்கணக்கில் சேரும். வெற்றுப் படம், விலங்கு, மனிதர், வாகனம் என்று தானே பிரித்துத் தரும் மெகாடிடெக்டர் என்ற இலவச மென்பொருளைச் சாதாரணக் கணினியிலும் மெதுவாக ஓட்டலாம். இனத்தையும் சொல்லும் வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் தளம் படங்களைப் பதிவேற்றி வைக்கவும் இடம் தருகிறது. நம் பக்கத்து இனங்களில் இந்த மென்பொருள்கள் தடுமாறும் என்பதால், சருகுமானையும் கேளையாட்டின் குட்டியையும், புனுகுப்பூனையையும் மரநாயையும் கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

கோப்புப் பெயரில் இடம், கேமரா எண், தேதி மூன்றும் இருக்கும்படி மாற்றி, மூலப் படத்தைத் திருத்தாமல் இரண்டு இடங்களில் சேமிக்க வேண்டும். அழுங்கு, கருஞ்சிறுத்தை, தந்தமுள்ள யானை, புலி ஆகியவற்றின் படத்தைப் பொதுவெளியில் இடும் முன் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, ஓடை, பாறை, வழிபாட்டுக் கல் போன்ற அடையாளங்கள் பின்னணியில் தெரிந்தால் அதையும் வெட்ட வேண்டும். கள்ள வேட்டைக்காரர்களும் அதே பக்கங்களைப் பார்க்கிறார்கள். படத்தில் சுருக்குக் கம்பியோ, துப்பாக்கியோடு ஆளோ பதிந்திருந்தால், அந்தக் கார்டை அப்படியே எடுத்து வனச்சரக அலுவலரிடம் ஒப்படைப்பதுதான் அடுத்த வேலை.